புயல் செய்தி கேட்கும்போது செய்யக்கூடாத தவறுகள்

"புயலெல்லாம் இல்லையாம், வெறும் தாழ்வுநிலைதான்" என்று நிம்மதியாகிவிடுவதுதான் பெரிய தவறு. தாழ்வு மண்டலம், புயல், தீவிரப் புயல் என்று வானிலை ஆய்வு மையம் பிரிப்பது காற்றின் வேகத்தை வைத்து மட்டுமே. மணிக்கு 62 கி.மீ.யைத் தொட்டால்தான் புயல், அதற்குக் கீழே இருந்தால் பெயர்கூட வைக்க மாட்டார்கள். மழை எவ்வளவு கொட்டும் என்று அந்தப் பட்டம் சொல்லாது. 2015 டிசம்பர் 1 அன்று சென்னையை மூழ்கடித்த மழைக்குப் பின்னால் புயலே கிடையாது.

கரையைக் கடக்கும் ஊரை மட்டும் பார்ப்பதும் இதே ரகம்தான். மிக்ஜாம் புயல் 2023 டிசம்பர் 5 அன்று கடந்தது ஆந்திராவின் பாபட்லா அருகே, ஆனால் அதற்கு முந்தைய நாளே சென்னையில் பல தெருக்களில் படகு ஓடியது. புயலின் மையம் ஒரு புள்ளி, மழைமேகங்களோ அதைச் சுற்றிப் பல நூறு கி.மீ. பரந்து கிடக்கும்.

உயிருக்கே ஆபத்தானது இன்னொன்று. பேய்க்காற்று திடீரென அடங்கி மழையும் நின்றுவிட்டால் உடனே வெளியே வந்து விழுந்த மரத்தைப் பார்ப்பது, வண்டியை நகர்த்துவது, மொட்டைமாடி ஏறி வீடியோ எடுப்பது, இதெல்லாம் வேண்டவே வேண்டாம். அது புயலின் கண்ணாக இருக்கலாம். நடுவில் காற்று மேலிருந்து கீழே இறங்குவதால் மேகம் கலைந்து அமைதியாகிவிடும், ஆனால் சுற்றியிருக்கும் மேகச்சுவரில்தான் காற்று உச்சத்தில் வீசும், அந்தச் சுவரின் மறுபாதி இன்னும் வரவில்லை. நம் பக்கத்தில் புயல் இடஞ்சுழியாகச் சுழல்வதால், கிழக்குக் கரையில் கண் வருவதற்கு முன் வடக்கிலிருந்து அடித்த காற்று, கண் போனபின் தெற்கிலிருந்து திருப்பி அடிக்கும். 2016-இல் வர்தா புயல் சென்னையில் காட்டியது இதைத்தான். ஒரு பக்கம் சாய்ந்து தப்பித்த மரம் எதிர்ப்பக்கக் காற்றில் விழும், அப்போது கீழே யாரும் இருக்கக்கூடாது.

அப்புறம் இந்தத் துறைமுகக் கூண்டு, அதாவது துறைமுகத்தில் எண் போட்டு ஏற்றும் புயல் எச்சரிக்கை அடையாளம். "5 போய் 7 ஏத்திட்டாங்க, புயல் வலுத்துடுச்சு" என்று பதறாதீர்கள். 5, 6, 7 மூன்றும் ஒரே அளவு ஆபத்துதான். புயல் துறைமுகத்துக்கு எந்தப் பக்கமாகக் கடக்கும், அல்லது அதன் மேலேயே கடக்குமா என்பதுதான் வித்தியாசம். 8, 9, 10-ம் அப்படியே, ஆபத்து மட்டும் அதிகம். 11 என்றால் ஆய்வு மையத்துடன் தகவல் தொடர்பே அறுந்துவிட்டது என்று அர்த்தம்.