மெயில் டிராஃப்ட் இன்னொரு சாதனத்தில் வரவில்லையா? அக்கவுன்டை நீக்கும் முன் இதைப் படியுங்கள்

திருப்பூரில் சின்னச் சின்ன ஏற்றுமதி ஆபீஸ்களுக்குக் கம்ப்யூட்டர், மெயில் வேலை பார்த்துக் கொடுப்பது என் தொழில். போன மாதம் புதிதாகச் சேர்ந்த பையனை ஒரு பனியன் கம்பெனிக்குக் கூட்டிப் போயிருந்தேன். அங்கே மெர்ச்சண்டைசராக இருக்கும் பெண், முந்தின நாள் இரவு வீட்டில் ஐபோனில் அடித்து, அனுப்பாமல் சேமித்து வைத்த மெயில் டிராஃப்ட் ஆபீஸ் கம்ப்யூட்டரில் காணோம் என்றார். பையன் போனை வாங்கினான், நேராக செட்டிங்ஸுக்குப் போனான். "அண்ணா, அக்கவுன்ட்ட ரிமூவ் பண்ணிட்டு மறுபடி ஆட் பண்ணிடட்டுங்களா?" என்று கேட்கும்போதே விரல் பட்டனுக்குப் போய்விட்டது. போனைப் பிடுங்காத குறையாக வாங்கினேன்.

அவனைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. பத்து வருடத்துக்கு முன் நானும் அதே பட்டனை அழுத்தியவன்தான்.

நெட் ஆஃப் ஆகியிருப்பது, பாஸ்வேர்டு மாறியிருப்பது மாதிரியானவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். அதெல்லாம் நீங்களே பார்த்துக்கொள்வீர்கள். அதைத் தாண்டி வழக்கமாக நடக்கும் தவறுகளும் காரணங்களும்தான் கீழே இருப்பவை.

## அக்கவுன்டை நீக்கிவிட்டு மறுபடி சேர்ப்பது

ஈரோட்டில் ஓர் ஆடிட்டர். கிளையன்டுக்கு வந்த வரி நோட்டீசுக்கு, பாயின்ட் பாயின்டாகப் பதிலை மெயிலிலேயே மூன்று சாயங்காலம் உட்கார்ந்து லேப்டாப்பில் அடித்திருந்தார். போனில் அது வரவில்லை என்று என்னைக் கூப்பிட்டார். நான் போய், லேப்டாப்பில் இருந்த மெயில் அக்கவுன்டை நீக்கினேன். 'ஆஃப்லைனில் சேமித்திருப்பவை அழிந்துவிடும்' என்று ஒரு எச்சரிக்கை வந்தது. படிக்காமல் 'சரி' கொடுத்தேன். மறுபடி சேர்த்ததும் இன்பாக்ஸ் மொத்தமும் மளமளவென்று இறங்கியது. டிராஃப்ட் ஃபோல்டர் மட்டும் காலி. "சரி விடுங்க தம்பி" என்று சொல்லிவிட்டு அன்றிரவே முதலிலிருந்து அடிக்க உட்கார்ந்தார். கெடு மறுநாள்.

ஏன் இப்படி ஆகிறது? அக்கவுன்டை மறுபடி சேர்க்கும்போது மெயில் புரோகிராம் செய்வது ஒன்றே ஒன்றுதான்: சர்வரில், அதாவது மெயில் சேவை நடத்துபவரின் கம்ப்யூட்டரில், இருப்பதைத் திரும்ப இறக்கிக்கொள்கிறது. இன்பாக்ஸ் மெயிலின் மூலப்பிரதி சர்வரில் இருப்பதால் அதற்கு ஆபத்து இல்லை. சிங்க் ஆகாத, அதாவது சர்வரோடு ஒத்துப்போகாத, டிராஃப்டோ சர்வருக்குப் போய்ச் சேரவே இல்லை. உலகத்திலேயே ஒரே ஒரு பிரதி, அந்தச் சாதனத்துக்குள் இருக்கிறது. நீங்கள் எதைக் காப்பாற்ற வந்தீர்களோ, அதைத்தான் அந்தப் பட்டன் முதலில் அழிக்கும்.

இன்றைக்கும் எரிச்சல் வருவது, யாரிடம் கேட்டாலும் முதல் வைத்தியமாக இதைச் சொல்வதைப் பார்த்துத்தான். இன்பாக்ஸ் கோளாறுக்கு இது பல நேரம் கைகொடுக்கும். அந்தப் பழக்கத்திலேயே டிராஃப்டுக்கும் சொல்லிவிடுகிறார்கள். ஆண்ட்ராய்டில் இதன் தம்பி ஒன்று உண்டு. ஆப் செட்டிங்ஸில் 'கேச்'சை அழிப்பதோடு நில்லுங்கள். பக்கத்திலேயே இருக்கும் 'ஸ்டோரேஜ்' அல்லது 'டேட்டா'வை அழித்தால் சர்வருக்குப் போகாத டிராஃப்டும் சேர்ந்து போய்விடும்.

அப்படியானால் முதலில் என்ன செய்வது? பிரவுசரில் வெப்மெயிலை, அதாவது மெயில் சேவையின் வெப்சைட்டைத் திறந்து டிராஃப்ட் ஃபோல்டரைப் பாருங்கள். வெப்மெயிலில் தெரிவதுதான் சர்வரில் இருப்பது. அங்கே டிராஃப்ட் இருந்தால் கோளாறு அதைக் காட்டாத சாதனத்தில், பதற வேண்டியதில்லை. அங்கே இல்லை என்றால் எழுதிய சாதனத்தில் எதையும் நீக்காதீர்கள், அப்டேட்கூட இப்போது வேண்டாம். டிராஃப்டைத் திறந்து, மொத்தத்தையும் தேர்ந்தெடுத்து காப்பி செய்து வேறொரு இடத்தில் ஒட்டுங்கள். அட்டாச்மென்டுகளைத் தனியாகச் சேமியுங்கள். எழுத்தைக் காப்பி செய்துவிட்டு இணைப்பை மறந்தவர்கள் நிறையப் பேர்.

அந்த பனியன் கம்பெனியில் அதைத்தான் செய்தோம். ஆறு ஸ்டைலுக்கான காஸ்டிங் அது. ஒவ்வொன்றுக்கும் துணியின் ஜிஎஸ்எம் (எடைக் கணக்கு), நூல் விலை, பிரிண்டிங் கூலி, கடைசியில் எஃப்ஓபி விலை (கப்பலில் ஏற்றிக் கொடுக்கும் விலை). மொத்தத்தையும் நோட்ஸில் ஒட்டினோம், இரண்டு சைஸ் சார்ட் படங்களைப் போட்டோவில் சேமித்தோம். அதற்கு அப்புறம்தான் செட்டிங்ஸைத் தொட்டேன்.

காரணம் ஐந்து நிமிடத்தில் தெரிந்தது. ஐபோனில் அந்த அக்கவுன்டின் 'அட்வான்ஸ்டு' பகுதியில், டிராஃப்டை எங்கே வைப்பது என்று ஒரு தேர்வு உண்டு: போனிலா, சர்வரிலா. அங்கே டிக் 'ஆன் மை ஐபோன்' பக்கம் இருந்தது. சர்வரில் உள்ள டிராஃப்ட் ஃபோல்டரைத் தேர்ந்தெடுத்தோம். நோட்ஸில் வைத்ததைப் புது மெயிலில் ஒட்டி, படங்களைச் சேர்த்துச் சேமித்ததும் கம்ப்யூட்டரில் வந்து நின்றது.

## பாப்பில் இருந்துகொண்டு சிங்க்கை எதிர்பார்ப்பது

பழைய ஆபீஸ் கம்ப்யூட்டர்களில் இன்னமும் பாப் (POP) முறையில் மெயில் போட்டிருப்பார்கள். பாப்புக்கு இன்பாக்ஸிலிருந்து மெயிலை இறக்கத்தான் தெரியும். டிராஃப்ட், சென்ட் போன்ற ஃபோல்டர்களைப் பற்றி சர்வரோடு பேசிக்கொள்ள அதில் வழியே கிடையாது. ஐமேப் (IMAP) என்ற இன்னொரு முறையில்தான் ஃபோல்டர்கள் சர்வரில் இருக்கும். உங்களுடையது எது என்று கண்டுபிடிக்க, அக்கவுன்ட் செட்டிங்ஸில் மெயில் உள்ளே வரும் சர்வருக்கான போர்ட் எண்ணைப் பாருங்கள்: 995 அல்லது 110 என்றால் பாப், 993 அல்லது 143 என்றால் ஐமேப்.

பாப் அக்கவுன்டை அப்படியே ஐமேப்பாக மாற்ற அவுட்லுக், தண்டர்பேர்டு இரண்டிலும் முடியாது. அதே முகவரியை ஐமேப்பாகப் புதிதாகச் சேர்த்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பழைய டிராஃப்டுகளைப் புதிய அக்கவுன்டின் ஃபோல்டருக்கு இழுத்துவிடுங்கள். வெப்மெயிலில் வந்துவிட்டதா என்று பார்த்த பிறகு பழையதை நீக்கலாம்.

## இரண்டு டிராஃப்ட் ஃபோல்டர்

கம்ப்யூட்டர் ஒரு ஃபோல்டரில் சேமிக்கும், போன் இன்னொன்றைப் பார்த்துக்கொண்டிருக்கும். இரண்டுக்கும் பெயர் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருப்பதால் கண்ணில் படாது. எது டிராஃப்ட், எது சென்ட் என்று சர்வரே ஃபோல்டருக்கு அடையாளம் சொல்லும் முறை 2011-இல் தரப்படுத்தப்பட்டது. அதைப் பின்பற்றாத சர்வர் என்றால் ஒவ்வொரு புரோகிராமும் தன் இஷ்டத்துக்கு ஒரு ஃபோல்டரை உண்டாக்கிக்கொள்ளும்.

தண்டர்பேர்டில் அக்கவுன்ட் செட்டிங்ஸில் 'காப்பீஸ் அண்ட் ஃபோல்டர்ஸ்' போய்ப் பாருங்கள். டிராஃப்ட் 'லோக்கல் ஃபோல்டர்ஸ்' என்பதைக் காட்டினால் அது கம்ப்யூட்டரைத் தாண்டாது. அவுட்லுக்கில் ஃபோல்டர் பெயருக்குப் பின்னால் 'இந்தக் கம்ப்யூட்டரில் மட்டும்' என்ற பொருளில் வால் இருந்தாலும் அதே கதைதான்.

## ஜிமெயிலில் ஒரு டிக்

பிரவுசரில் ஜிமெயில் செட்டிங்ஸ், அதில் லேபிள்ஸ், அதில் டிராஃப்ட்ஸ் வரிசை. 'ஐமேப்பில் காட்டு' என்பதில் டிக் இல்லையென்றால் அவுட்லுக்குக்கு அந்த ஃபோல்டரே தெரியாது.

## ஒரே டிராஃப்டை இரண்டு இடத்தில் திறந்து வைப்பது

ஐமேப்பில் சர்வருக்குப் போய்விட்ட மெயிலைத் திருத்த முடியாது. நீங்கள் ஒரு வரி மாற்றிச் சேமித்தாலும் புது மெயில் ஒன்று ஏறும், பழையதற்கு 'நீக்கப்பட்டது' என்று குறி விழும். இதற்கு நடுவில் சிக்னல் போனால் பழையது, புதியது இரண்டு பிரதியும் சர்வரில் தங்கிவிடும். ஒரே டிராஃப்ட் நான்கைந்து பிரதியாகக் கிடப்பது பெரும்பாலும் இதனால்தான். இரண்டு சாதனத்திலும் திறந்திருந்தால் இன்னும் மோசம்: காலையில் கம்ப்யூட்டரில் மாற்றிய விலை ஒரு பிரதியில், போனில் கிடந்த பழைய விலை இன்னொன்றில். அவசரத்தில் எதை அனுப்புவீர்கள்? ஒன்றில் மூடி, அது சேமிக்கப்பட்டதைப் பார்த்துவிட்டு மற்றதில் திறங்கள். பிரதிகள் பல இருந்தால் தேதியை மட்டும் நம்பி அழிக்காமல், ஒவ்வொன்றையும் திறந்து கடைசி வரி வரை பாருங்கள்.

## பேட்டரி சேவர்

ஆன் செய்திருந்தால் மெயில் ஆப் பின்னணியில் சிங்க் செய்யாமல் இருக்கலாம். ஆப்பைத் திறந்து கையால் ரிஃப்ரெஷ் செய்யுங்கள்.

## அனுப்புநர் முகவரி

போனில் சொந்த அக்கவுன்டும் ஆபீஸ் அக்கவுன்டும் இருந்தால், டிராஃப்ட் 'ஃப்ரம்' வரியில் உள்ள முகவரியின் ஃபோல்டருக்குத்தான் போகும். காணாமல் போன டிராஃப்டைத் தேடும்போது அந்த இன்னொரு அக்கவுன்டையும் திறந்து பாருங்கள்.