மலிவாக எயார் றைபிள் வாங்குகிறவர்கள் காசை விடும் இடங்கள்

இலக்குச் சுட்டுப் பழக ஆசை, கையில் இருக்கும் காசோ கொஞ்சம் என்று தேடத் தொடங்குகிறவர் முதலில் போய் நிற்பது யூடியூப்பில்தான். அங்கே ஒரு அமெரிக்கர், விசையை இழுக்க இழுக்கத் தானே அடுத்த குண்டை ஏற்றிக்கொள்ளும் .22 செமி ஒட்டோமேட்டிக் துவக்கைப் படபடவென்று சுட்டுக்கொண்டிருப்பார். 1964 முதல் விற்கப்படும் றூகர் 10/22 அந்த ஊரில் சாதாரணச் சாமான். அவுஸ்திரேலியாவில் 1996க்குப் பிறகு அதே துவக்கைப் பொழுதுபோக்குக்கு வைத்திருக்க முடியாது. நாட்டுக்கு நாடு சட்டம் வேறு. இங்கே இலங்கையில் 1916ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச் சட்டம் இன்னும் நடைமுறையில் இருக்கிறது. பயிர்க்காவலுக்கு விவசாயிக்குக் கிடைக்கும் சொட்கன் லைசன்ஸைக் காட்டி இலக்குச் சுட றைபிள் கேட்க முடியாது.

ஆகவே திருகோணமலையில் இருப்பவருக்கு நடைமுறையில் பொருந்துவது 10 மீற்றர் தூரத்து இலக்கைக் காற்றழுத்தத்தால் சுடும் எயார் றைபிள். "காற்றுத் துவக்குத்தானே, யார் கேட்கப்போகிறார்கள்" என்று அதையும் கண்மூடி வாங்கக் கூடாது. காசு கொடுப்பதற்கு முன் பொலிஸிலும் மாவட்டச் செயலகத்திலும் விசாரியுங்கள். வெளிநாட்டில் இருக்கும் மச்சானிடம் சொல்லிப் பார்சலில் எடுக்க நினைத்தால் பாதுகாப்பு அமைச்சிடமும் சுங்கத்திடமும் எழுத்தில் பதில் வாங்கிய பிறகு அவரை அனுப்பச் சொல்லுங்கள். கடற்படை, விமானப்படை முகாம்கள் சூழ்ந்த ஊர் இது. மோட்டார் சைக்கிளில் துவக்கைத் தோளில் போட்டுக்கொண்டு போனால் விளக்கம் சொல்லியே பொழுது போகும். மூடிய பெட்டியும் கடதாசிகளும் எப்போதும் கூடவே இருக்க வேண்டும்.

அடுத்தது செமி ஒட்டோ மோகம். மலிவாகக் கிடைக்கும் செமி ஒட்டோ காற்றுத் துவக்குகளில் பெரும்பாலானவை 12 கிராம் சிஓ2 (காபனீரொட்சைட்டு வாயு) குப்பியில் ஓடுபவை. உருக்கு பிபி உருண்டைகளைச் சுடுபவை. அவற்றின் குழலுக்குள் குண்டைச் சுழலவைக்கும் சுழல்வரி இருக்காது. சுழற்சி இல்லாத உருண்டை 10 மீற்றரிலேயே வழி மாறும். கல்லிலோ தகரத்திலோ பட்டால் நேரே கண்ணை நோக்கித் திரும்பி வரும். எங்கள் வெயிலும் சிஓ2க்கு ஒத்துவராது: 20 பாகையில் குப்பிக்குள் சுமார் 57 பார் அழுத்தம், 30 பாகையில் 72. காலையில் சரிபார்த்த குறி மத்தியானத்தில் மேலே ஏறிவிடும். குப்பி போட்ட துவக்கை வெயிலில் நிற்கும் வாகனத்துக்குள் விட்டுவிட்டுப் போகவே கூடாது.

சர்வதேசப் போட்டிகளில் 10 மீற்றருக்கும் 50 மீற்றருக்கும் ஒரு தடவைக்கு ஒரு குண்டு போடும் றைபிள் மட்டுமே அனுமதி. 10 மீற்றர் இலக்கில் பத்துப் புள்ளி தரும் நடுப்பொட்டு அரை மில்லிமீற்றர் அகலம்தான். வேகமாகச் சுடுவதால் இங்கே ஒரு புள்ளியும் கூடப்போவதில்லை.

வேகத்தைப் பெட்டியில் அச்சடித்து விற்பதிலும் ஏமாறுகிறவர்கள் அதிகம். செக்கனுக்கு 1,200 அடி என்று எழுதியிருக்கும். அது மிக இலேசான உலோகக் குண்டை வைத்து எடுத்த கணக்கு. ஒலியின் வேகத்தைத் தாண்டும் குண்டு தள்ளாடத் தொடங்கும். இலக்குக்குத் தேவை செக்கனுக்கு 170 மீற்றர் வேகம், அதாவது சுமார் 560 அடி. குழலை மடக்கி ஸ்பிரிங்கை இறுக்கி, அது தள்ளும் பிஸ்டனின் காற்றால் சுடுவது ஸ்பிரிங் துவக்கு. சக்தி கூடியதை மடக்கி இழுக்கவே தோள் வலிக்கும். 60 தடவை இழுத்த கை குறியில் நடுங்கும். அந்தக் காசை விரலால் இழுக்கும் விசை (டிரிகர்) நல்லதாக இருப்பதற்குப் போடுங்கள். மலிவுத் துவக்குகளில் விசையை இழுக்க 2 கிலோவுக்கு மேல் தேவைப்படுவது வழமை. அது எங்கே விடுபடும் என்பதும் தெரியாது. முதல் கட்டம் தளர்வாக வந்து, ஒரு இடத்தில் நின்று, பிறகு சட்டென்று விடுபடும் விசையைத் தேடுங்கள். ஸ்பிரிங் துவக்கை வெறுமனே சுட்டுப் பார்க்கக் கூடாது. குண்டின் தடை இல்லாவிட்டால் பிஸ்டன் முன்சுவரில் நேரே மோதிச் சீல் கிழியும்.

கடையில் வைத்தே ஒரு சோதனை செய்யலாம். குழல் மடங்கும் இடத்துப் பொருத்தின் மேல் மெல்லிய டிசு துண்டொன்றை வைத்துவிட்டு, குண்டு போட்டுப் பாதுகாப்பான பெட்டிக்குள் சுடச் சொல்லுங்கள். டிசு துள்ளினால் அங்கே காற்றுக் கசிகிறது. அந்தச் சீலை மாற்றச் செலவு குறைவு. ஆனால் குழலைப் பக்கவாட்டில் தள்ளும்போது ஆடினால் அந்தத் துவக்கு வேண்டாம்.

வாங்கிய பிறகு "துவக்குச் சரியில்லை" என்று சொல்லுகிறவர்களில் பாதிப் பேரின் குறை சோங்கின் (தோளில் வைக்கும் கட்டைப் பகுதியின்) திருகாணியில்தான் இருக்கும். ஸ்பிரிங் அதிர்வில் அது தளரும். ஒவ்வொரு முறையும் சுடுமுன் இறுக்கிப் பாருங்கள். மிச்சப் பேரின் குறை குண்டில். 10 மீற்றருக்கு 4.5 மில்லிமீற்றர், தட்டை முனை, 0.53 கிராம் அளவுள்ள ஈயக் குண்டு. தலை அளவு 4.49, 4.50, 4.51 என்று வரும். எந்த அளவு உங்கள் குழலுக்குப் பொருந்தும் என்று சுட்டுத்தான் காண வேண்டும். 500 குண்டு டின்னை அள்ளுவதற்கு முன் மூன்று நான்கு வகையில் ஐந்தைந்து சுட்டு, துளைக் கூட்டத்தின் வெளி விளிம்புகளை அளந்து 4.5ஐக் கழியுங்கள். ஸ்பிரிங் துவக்கில் 8 மில்லிமீற்றருக்குள் வந்தால் நல்ல சாமான். சுடும்போது துவக்கை இறுக்கிப் பிடிக்காமல் விரித்த உள்ளங்கையில் வையுங்கள். குழலை மேசை விளிம்பில் சாய்த்தால் குண்டு வேறெங்கோ போகும்.

ஸ்கோப் வாங்குகிறவர்கள் 100 யார் (yard) தூரத்துக்குக் குவியம் வைத்த மலிவு ஸ்கோப்பை மாட்டி, 10 மீற்றரில் எல்லாம் மங்கல் என்று புலம்புவார்கள். குவியத்தை 10 யார் வரை குறைக்க முடிகிறதா என்று பாருங்கள். ஸ்பிரிங் துவக்கின் உதை முன்னும் பின்னுமாக இரு பக்கமும் வரும். அதைத் தாங்காத ஸ்கோப்பின் உட்பாகம் சில நூறு வெடியில் கழன்றுவிடும். உண்மையில் 10 மீற்றருக்குக் கண்ணாடி இல்லாமல் சிறு துளை வழியாகப் பார்க்கும் துளைக்குறி போதும், விலையும் குறைவு.

சிலிண்டரில் அழுத்தக் காற்றை முன்கூட்டியே நிரப்பிச் சுடும் பிசிபி வகை சுடுவதற்கு மிகச் சுகமானது. நிலாவெளி, உப்புவெளி டைவிங் நிலையங்களின் சிலிண்டரால் நிரப்பலாம் என்பது எங்கள் ஊருக்கு இருக்கும் வசதி. ஆனால் அவர்களின் பருவம் ஏறக்குறைய மே முதல் செப்டெம்பர் வரைதான். மாரியில் கைப்பம்பு தேவைப்படும். 200 பார் சிலிண்டரால் 300 பார் கேட்கும் துவக்கை நிரப்ப முடியாது. வெல்டிங் கடை ஒட்சிசனை ஒருபோதும் ஏற்றாதீர்கள்: அழுத்தமான ஒட்சிசனும் எண்ணெய்ப் பசையும் சேர்ந்தால் வெடிக்கும். பழைய ஜெர்மன் போட்டி றைபிள் கைக்கு வந்தால் காற்றுச் சிலிண்டரில் பொறித்திருக்கும் திகதியை முதலில் வாசியுங்கள். பலவற்றுக்கு ஆயுள் 10 ஆண்டு. அது முடிந்திருந்தால் புதுச் சிலிண்டரின் விலையையும் கூட்டித்தான் பேரம் பேச வேண்டும்.

ஸ்பிரிங் துவக்கின் காற்றுத் துளைக்குள் தேங்காய் எண்ணெயோ தையல் மெஷின் எண்ணெயோ விடுகிற பழக்கமும் இருக்கிறது. அழுத்தத்தில் அது பற்றிப் புகைந்து சீலைத் தின்னும். எண்ணெய் வெளி உலோகத்துக்குத்தான். உப்புக் காற்றில் ஒரு இரவிலேயே விரல் அடையாளம் துருவாக மாறும்; சுட்டு முடிந்ததும் துடைத்துவிடுங்கள். பஞ்சு மெத்தைப் பெட்டி ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். நீண்ட நாள் வைப்பதென்றால் துணி உறையும் சிலிக்கா ஜெல்லும் நல்லது.

கடைசியில் இலக்கின் பின்புறம். வெறும் புளொக்கல் மதில் போதாது, ஈயம் தெறிக்கும். பழந்துணியை 20 சென்ரிமீற்றர் தடிப்புக்கு அடைத்த மரப்பெட்டி, அதன் பின்னால் உருக்குத் தகடு, அதற்கும் பின்னால் ஆள் நடமாட்டமில்லாத மதில். கச்சான் வீசும் மாதங்களில் வெளியில் சுடுவதென்றால் விடியற்காலையில் முடித்துவிடுங்கள். 25 மீற்றருக்குப் போனால் அந்தக் காற்றே குண்டைத் தள்ளும். பறவைகளைக் குறிவைக்க வேண்டாம், பெரும்பாலானவை சட்டப் பாதுகாப்பில் இருப்பவை. வெள்ளைக்காரர் சுட்டுப் பழகிய புறாத்தீவே 2003 முதல் தேசியப் பூங்கா. சுட்ட கையால் வாயைத் தொடுவதற்கு முன் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள், குண்டு ஈயம்.