மழைக்கு முன் ஒரு வேப்பங்கிளையை முறையாக அறுப்பது எப்படி?

ஐப்பசி நெருங்கினால் தெருவுக்குத் தெரு மரம் வெட்டும் சத்தம் கேட்கிறது. புயலுக்குப் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா கரையைக் கடந்தபோது சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. ஆனால் அந்தப் பயத்தில் மரத்தை மொட்டையடிப்பது ஆபத்தைக் கூட்டவே செய்யும். மொட்டையடித்த இடத்தில் கொத்துக் கொத்தாகத் துளிர்க்கும் கிளைகளுக்கு மரத்தின் உட்கட்டையில் பிடிப்பு கிடையாது. பட்டைக்குக் கீழிருந்து புறப்பட்டு, வெளி அடுக்கில் மட்டும் ஒட்டி வளர்பவை அவை. அவை ஆண்டுக்கு ஆண்டு கனக்க, அடியில் வெட்டுவாய் மக்கிக்கொண்டே போகும். சில ஆண்டுகள் கழித்து வரும் காற்றில் முறிந்து விழுவது பெரும்பாலும் அந்தக் கிளைகள்தான்.

ஆகவே மொட்டையடிக்காமல், தேவையற்ற கிளையை மட்டும் சரியான இடத்தில் அறுப்பதை இங்கே சொல்லித் தருகிறேன். வீட்டு வேம்பில், தரையில் நின்றபடி தோள் உயரத்தில் எட்டும், மணிக்கட்டுப் பருமனுள்ள ஒரு கிளையை எடுத்துக்கொள்வோம். அதற்கு மேலே உள்ளவை பயிற்சி பெற்றவரின் வேலை.

என்னென்ன வேண்டும்

முதல் தேவை நல்ல கை ரம்பம். தச்சர் ரம்பம் பச்சை மரத்தில் சிக்கிக்கொள்ளும். கவாத்துக்கென்றே, அதாவது கிளை கழிப்பதற்கென்றே, வளைந்த ரம்பம் கடைகளில் கிடைக்கிறது. பற்கள் பெரிதாக, நம் பக்கம் இழுக்கும்போது அறுக்கும்படி அமைந்திருக்கும். அரிவாளை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். எவ்வளவு கைதேர்ந்தவர் வீசினாலும் வெட்டு ஒரே கோட்டில் விழாது. பட்டை நார் நாராகக் கிழியும். விரல் பருமனுக்குக் குறைந்த குச்சிகளுக்குக் கவாத்துக் கத்தரி போதும்.

தலைக்கவசம், கண்ணாடி, கையுறை, மூடிய காலணி ஆகியவையும் வேண்டும். இவற்றில் கண்ணாடியைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். அண்ணாந்து அறுக்கும்போது தூள் நேராகக் கண்ணில்தான் விழும்.

ஏணி வேண்டாம். இதில் எனக்கு இரண்டாம் கருத்தே இல்லை. அறுபட்ட கிளை ஊசலாடி ஏணியைத் தட்டும். பாரம் இறங்கிய அடிக்கட்டை மேலே எகிறினால் அதில் சாய்த்த ஏணியும் நழுவும்.

முதலில் மரத்தைப் பாருங்கள்

ரம்பத்தை எடுக்கும் முன் மரத்தை ஒரு சுற்று சுற்றி வாருங்கள். கிளை மின்கம்பியைத் தொடுகிறதா? தொட்டாலும், தொடும் தூரத்தில் இருந்தாலும், வேலையை அங்கேயே நிறுத்தி மின்வாரியத்துக்குச் சொல்லுங்கள். கதண்டு என்னும் கொட்டும் குளவியின் கூடோ தேன்கூடோ இருந்தால் அன்றைக்கு வேலை இல்லை. குஞ்சுகள் உள்ள பறவைக் கூடு இருந்தால் அவை பறக்கும்வரை பொறுங்கள். மரம் தெருவில் நின்றால் உள்ளாட்சி அலுவலகத்தில் அனுமதி கேட்காமல் கைவைக்காதீர்கள். கிளைக்கு அடியில் கூரையோ மதிலோ இருந்தால் கயிறு கட்டித்தான் இறக்க வேண்டும். அதைக் கற்றவரிடம் விடுங்கள்.

பிறகு எந்தக் கிளை என்று முடிவு செய்யுங்கள். காய்ந்தது, முறிந்து தொங்குவது, மற்றொன்றோடு உரசுவது என்ற வரிசையில் தேடுங்கள். பச்சைக் கிளைகளில் மொத்தத் தழையில் கால் பங்குக்கு மேல் ஓர் ஆண்டில் எடுக்கக் கூடாது. முதிர்ந்த மரமென்றால் அதிலும் குறைவாக எடுங்கள். தண்டின் பருமனில் பாதிக்கு மேல் உள்ள கிளையை அடியோடு எடுக்காதீர்கள். அவ்வளவு பெரிய காயத்தை மரம் மூடுவதற்குள் உள்ளே சொத்தை இறங்கிவிடும்.

மூன்று அறுப்பு

கிளை தண்டோடு சேரும் இடத்தை விரலால் தடவிப் பாருங்கள். அடியில் சற்றுப் புடைத்த வளையம் ஒன்று இருக்கும். அதைக் கழுத்து என்று வைத்துக்கொள்வோம். மேல்புறக் கவட்டில் பட்டை மடிந்து வரப்புப்போல் தெரியும். இந்த வரப்பும் கழுத்தும் தண்டுக்குச் சொந்தமானவை. அவற்றில் ரம்பம் படவே கூடாது.

முதல் அறுப்பு: தண்டிலிருந்து ஏறக்குறைய 30 செ.மீ. தள்ளி, கிளையின் அடிப்பக்கத்திலிருந்து மேல்நோக்கி, பருமனில் கால் பங்கு மட்டும் அறுங்கள். ரம்பம் இறுகத் தொடங்கினால் நிறுத்திவிடுங்கள்.

இரண்டாம் அறுப்பு: அதற்கு 3 முதல் 5 செ.மீ. வெளியே தள்ளி, மேலிருந்து கீழாக அறுங்கள். கிளைக்கு நேர்கீழே நிற்காமல் பக்கவாட்டில் நில்லுங்கள். பாதி தாண்டியதும் கிளை தன் பாரத்திலேயே முறியும். அப்போது பட்டை தண்டை நோக்கிக் கிழிந்து வந்தாலும் முதல் அறுப்பில் நின்றுவிடும். முதல் அறுப்பு இல்லையென்றால் அந்தக் கிழிசல் தண்டின் பட்டையையும் உரித்துக்கொண்டு இறங்கும்.

மூன்றாம் அறுப்பு: மீந்த கட்டையை ஒரு கையால் தாங்கிக்கொண்டு, மேலே வரப்புக்கு ஒட்டிய வெளிப்புறத்தில் தொடங்கி, கீழே கழுத்துக்கு வெளியே முடியுமாறு சாய்வாக அறுங்கள். அவசரப்படாதீர்கள். தண்டோடு வழித்து அறுத்தால் காயம் பெரிதாகி, மரத்தின் காப்பும் அறுந்துபோகும். நீளமாகக் கட்டை விட்டால் அது காய்ந்து, பூஞ்சைக்கும் கரையானுக்கும் வழியாகும்.

காயத்துக்கு மருந்து?

சாணி, தார், பெயின்ட் எதுவும் பூசாதீர்கள். நம் தோலைப்போல் மரம் அழிந்த திசுவைப் புதுப்பிப்பதில்லை. காயத்தைச் சுற்றி உள்ளுக்குள் தடுப்பு எழுப்பி, சொத்தை பரவாமல் அடைத்துவிடுகிறது. அமெரிக்க வனத்துறையின் மர நோய் ஆய்வாளர் அலெக்ஸ் ஷைகோ, ஆயிரக்கணக்கான மரங்களை நெடுக்காகப் பிளந்து பார்த்து 1970களில் இதை விளக்கினார். தண்டோடு வழித்து அறுப்பதும் பூச்சு பூசுவதும் கூடாது என்பது அவர் ஆய்விலிருந்து வந்த பாடம். வெட்டுவாயைக் காற்றுக்கு விட்டுவிடுங்கள்.

ஆள் வைத்துச் செய்வதானால்

உயரத்துக் கிளைகளுக்கு ஆள் அழைக்கும்போது கூலியை மட்டும் கேட்காதீர்கள். அவர்கள் கொண்டுவருவதைப் பாருங்கள். ஏறுபவருக்கு இடுப்புவார், கயிறு, தலைக்கவசம் இருக்க வேண்டும். அறுக்கும் நேரத்தில் ஏறும் கயிறு போக இன்னொரு வாராலும் மரத்தோடு கட்டியிருக்க வேண்டும். ரம்பமோ அறுபட்ட கிளையோ ஒன்றைத் துண்டித்தாலும் மற்றது தாங்கும். கீழே ஒருவர், ஆட்களை விலக்குவதற்கும் கயிற்றைப் பிடிப்பதற்கும் மட்டுமே நிற்க வேண்டும்.

பவர் சா எனப்படும் சங்கிலி ரம்பம் வைத்திருப்பவர் காலையில் சங்கிலியின் ஒவ்வொரு பல்லையும் உருண்டை அரத்தால் தீட்டுகிறாரா, சங்கிலி எண்ணெய் நிரப்புகிறாரா என்று கவனியுங்கள். கூரான சங்கிலி சீவல் சீவலாகத் தள்ளும். மழுங்கியது மாவுபோல் தூளைக் கக்கும். மழுங்கிய சங்கிலியோடு அழுத்தி அறுப்பவருக்குக் கை சீக்கிரம் சோர்ந்துவிடும். சோர்ந்த கையில், சங்கிலி ஓடும் அலகின் நுனி மேற்பகுதி எதிலாவது இடித்தால், இயந்திரம் ஒரு நொடியில் முகத்தை நோக்கித் திரும்பும். ஒற்றைக் கையால் பவர் சாவை இயக்குபவரை எந்த விலைக்கும் உங்கள் மரத்தில் ஏற்றாதீர்கள். அவருக்கும் ஒரு குடும்பம் இருக்கிறது.

அறுத்த பிறகு

வேப்பந்தழையை ஆடுகளுக்குக் கொடுக்கலாம், அல்லது மரத்தடியில் பரப்பலாம். பரப்பினால் தண்டை ஒட்டாமல் ஒரு சாண் இடைவெளி விடுங்கள். அடுத்த ஆண்டு வெட்டுவாயைப் போய்ப் பாருங்கள். புதுப்பட்டை சுற்றிலும் வட்டமாக உருண்டு வந்திருந்தால் சரியான இடத்தில் அறுத்திருக்கிறீர்கள். இரு பக்கமும் வளர்ந்து மேலும் கீழும் வெறுமையாக இருந்தால் கழுத்தில் ரம்பம் பட்டிருக்கிறது. அடுத்த கிளையில் இன்னும் சற்று வெளியே தள்ளி அறுங்கள்.