வீடு மாறும் வருடத்தில் பிள்ளையின் பள்ளி: சேலத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மே மாதம் பிறந்தால் சேலத்தில் வாடகை வீடு தேடுகிறவர்கள் நடமாட்டம் கூடிவிடும். உருக்காலைக்கு மாற்றலாகி வருகிறவர்கள், பெங்களூரு போதும் என்று ஊர் திரும்புகிறவர்கள், ஆத்தூர், எடப்பாடிப் பக்கமிருந்து நகருக்குள் வருகிறவர்கள், ஏற்காட்டிலிருந்து இறங்கி வருகிறவர்கள். ஜூனில் இவர்களில் பலர் பள்ளி அலுவலக வாசலில் நிற்பார்கள். சொல்லும் சிக்கல் வருடா வருடம் அதேதான்.

ஆதார் நகல் மறந்தது, போட்டோ எடுக்காதது போன்றவற்றை இங்கே எழுதவில்லை. அவை பக்கத்து ஜெராக்ஸ் கடையில் தீர்ந்துவிடும். பின்னால் எவ்வளவு ஓடினாலும் சரிசெய்ய முடியாத தவறுகள் சில இருக்கின்றன.

வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டுப் பள்ளி தேடுவது

அம்மாபேட்டையில் வீடு, சூரமங்கலத்தில் பள்ளி என்றால் பிள்ளை தினமும் ஊரையே குறுக்கே கடக்க வேண்டும். வீடு பார்க்கப் போவது பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்கு ஐந்து ரோடு காலியாக இருக்கும், தூரமே தெரியாது. பள்ளி நாளில், காலை எட்டு மணிக்கு, அந்த வழியில் ஒருமுறை வண்டி ஓட்டிப் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.

பள்ளி வேன் அந்தப் பகுதிக்கு வருகிறதா என்று மட்டும் கேட்டால் போதாது. உங்கள் பிள்ளை வேனில் முதலில் ஏறுமா, கடைசியில் ஏறுமா என்றும் கேளுங்கள். முதலில் ஏறும் பிள்ளை மற்ற எல்லார் வீட்டையும் சுற்றிவிட்டுத்தான் பள்ளி சேரும். பள்ளி நான்கு கிலோமீட்டரில் இருந்தாலும் வேனில் ஒரு மணி நேரம் ஆகலாம்.

இன்னொன்று, ஆடி. ஆனி முடிவதற்குள் வீடு அமையாவிட்டால் ஆடியில் குடிபோகக் கூடாதென்று ஆவணிக்குத் தள்ளிவிடுகிறார்கள். பிள்ளையின் பள்ளியும் கூடவே தள்ளிப்போகிறது. காலாண்டுத் தேர்வு நெருங்கும் நேரத்தில் புதுப் பள்ளி, புது வாத்தியார், விட்டுப்போன பாடங்கள். பால் காய்ச்சுவது ஆவணியில் இருக்கட்டும். பிள்ளையை ஜூனிலேயே புதுப் பள்ளியில் சேர்த்துவிட்டு இரண்டு மாதம் பஸ்ஸிலோ உறவினர் வீட்டிலிருந்தோ அனுப்புவது எவ்வளவோ மேல்.

இடம் உறுதியாகும் முன் டி.சி. வாங்குவது

டி.சி. எழுதியதும் பழைய பள்ளிப் பதிவேட்டில் பெயர் அடிபட்டுவிடும். புதுப் பள்ளியில் கடைசி நேரத்தில் "அந்த வகுப்பு நிரம்பிவிட்டது" என்றால், பழைய இடத்துக்கும் உரிமை கோர முடியாது. திரும்பச் சேர்த்தாலும் புதுச் சேர்க்கையாகவே சேர்ப்பார்கள். வரிசை இதுதான்: புதுப் பள்ளியில் எந்த வகுப்பு, எந்தப் பயிற்றுமொழி, எந்தக் குரூப் என்று பேசி முடிப்பது, தனியார் பள்ளி என்றால் பணம் கட்டிய ரசீது, அதன் பிறகு பழைய பள்ளிக்கு டி.சி. கேட்டுக் கடிதம்.

டி.சி. கைக்கு வந்ததும் வேலை முடிந்ததென்று நினைப்பது

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் ஒவ்வொரு பிள்ளைக்கும் எமிஸ் (பள்ளிக் கல்வித் துறையின் இணையப் பதிவேடு) எண் உண்டு. டி.சி. கொடுக்கும் பள்ளி, அந்தப் பிள்ளையின் பெயரை எமிஸ் தளத்தில் 'காமன் பூல்' என்ற பொதுப் பட்டியலுக்கு விடுவிக்க வேண்டும். புதுப் பள்ளி அங்கிருந்து எடுத்துத் தன் வகுப்பில் சேர்க்கும். முதல் பாதி நடக்காவிட்டால் பிள்ளை அம்மாபேட்டை வகுப்பில் உட்கார்ந்திருக்கும், பதிவில் எடப்பாடியிலேயே இருக்கும். பாடநூல், சீருடை, பஸ் பாஸ், உதவித்தொகை எல்லாம் எமிஸ் கணக்கை வைத்துத்தான் வருகின்றன. 10, 12ஆம் வகுப்புத் தேர்வர் பெயர்ப்பட்டியலும் அப்படியே.

டி.சி. வாங்கும் அன்றே அலுவலகத்தில் நின்று, "காமன் பூலுக்கு விட்டாச்சா?" என்று கேட்டுவிடுங்கள். ஒரு வாரம் கழித்துப் புதுப் பள்ளியில், எடுத்துவிட்டார்களா என்று கேளுங்கள். பழைய பள்ளி விடுவிக்காமல் வைத்திருந்தால் புதுப் பள்ளியே எமிஸில் கோரிக்கை அனுப்ப முடியும். நீங்கள் கேட்டால்தான் பெரும்பாலும் அனுப்புவார்கள்.

"இந்த ஒரு வருஷம் மட்டும் தனியார்ல போட்டுக்கலாம்"

எல்லாத் தவறுகளிலும் மனதை அதிகம் எரிய வைப்பது இதுதான். செய்கிறவர்கள் பிள்ளைமேல் அக்கறை இல்லாதவர்கள் இல்லை. அக்கறையால்தான் செய்கிறார்கள், இழப்பு என்னவென்று தெரிவது நான்கைந்து வருடம் கழித்து.

வழக்கமாக இப்படி நடக்கும். கிராமத்து அரசுப் பள்ளியில் 8ஆம் வகுப்பு முடித்த பெண். குடும்பம் சேலத்துக்கு வருகிறது. வீட்டுக்கு அருகில் உள்ள அரசுப் பள்ளியில் கூட்டம். ஒரு தெரு தள்ளி ஒரு தனியார் பள்ளி உடனே இடம் தருகிறது. "ஒன்பதாவது மட்டும் இங்கே படிக்கட்டும், பத்தாவதுக்கு அரசுப் பள்ளிக்கு மாத்திக்கலாம்" என்று சேர்த்துவிடுகிறார்கள். சொன்னபடியே மாற்றியும் விடுகிறார்கள். பெண் நன்றாகப் படித்து நீட் எழுதுகிறாள். கலந்தாய்வுக்கு விண்ணப்பிக்கும் நாளில்தான் அந்த ஒரு வருடம் குறுக்கே நிற்பது தெரிகிறது.

2020இல் தமிழ்நாடு கொண்டுவந்த சட்டம், மருத்துவம், பல் மருத்துவம், சித்த மருத்துவம் முதலிய இந்திய மருத்துவ முறைகள், ஹோமியோபதி ஆகிய இளநிலைப் படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு இடம் ஒதுக்குகிறது. 2021இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகியவற்றுக்கும் இந்த ஒதுக்கீடு வந்தது. நிபந்தனை ஒன்றுதான்: 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். ஏழு வருடமும். ஆறு வருடம் படித்தேன், ஒரு வருடம் மட்டும் இல்லை என்பதற்கு அதில் இடமே கிடையாது. இலவசக் கல்வி உரிமைச் சட்டத்தின் 25 விழுக்காட்டு இடத்தில் 8ஆம் வகுப்பு வரை தனியார் பள்ளியில் படித்து, 9 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. பணம் கட்டிப் படித்த ஒரு வருடத்துக்கு எந்த விலக்கும் இல்லை. இந்த ஒதுக்கீட்டில் சேர்கிறவர்களின் கல்விக் கட்டணத்தை அரசே ஏற்கிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். மருத்துவ இடமே ஆனாலும் பொறியியல் இடமே ஆனாலும், ஒரு குடும்பத்தின் பொருளாதாரமே மாறுகிற விஷயம் இது.

அரசு உதவி பெறும் தனியார் பள்ளியில் சேர்த்தாலும் இதே கதிதான். சேலத்தில் பல பத்தாண்டுகளாக நடக்கும் உதவி பெறும் பள்ளிகள் இருக்கின்றன. கட்டணம் குறைவு, மதிய உணவு உண்டு, சீருடை உண்டு. அதனால் பெற்றோர் அவற்றை அரசுப் பள்ளி என்றே நினைத்துவிடுகிறார்கள். 7.5 விழுக்காட்டுக்கு அவை சேராது. மாநகராட்சிப் பள்ளி சேரும், பழங்குடியினர் நலத்துறைப் பள்ளி சேரும். பெயர்ப் பலகையில் 'அரசு உதவி பெறும்' என்ற சொற்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள், தலைமையாசிரியரிடமும் நேராகக் கேளுங்கள்.

புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களின் கணக்கு சற்று வேறு. கல்லூரியில் படிக்கும்போது மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். மூன்று வருடப் பட்டப்படிப்புக்கு 36,000 ரூபாய். இவற்றுக்கு 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியிலோ, உதவி பெறும் பள்ளியின் தமிழ்வழி வகுப்பிலோ படித்திருக்க வேண்டும். அதே உதவி பெறும் பள்ளியின் ஆங்கிலவழிப் பிரிவில் படித்தால் கிடையாது. சில பள்ளிகளில் ஒரே வளாகத்தில், ஒரே சீருடையில், உதவி பெறும் பிரிவும் சுயநிதிப் பிரிவும் நடக்கும். எந்தப் பிரிவில் பெயர் ஏறுகிறது என்று சேரும் நாளிலேயே கேட்டாக வேண்டும்.

அருகில் இருக்கும் அரசுப் பள்ளியில் கூட்டம் என்றால் அடுத்த அரசுப் பள்ளிக்குப் போங்கள். அரசுப் பள்ளி மாணவர்களுக்குப் பஸ் பாஸ் இலவசம். நான்கு நிறுத்தம் கூடுதலாகப் போவதில் இழப்பொன்றும் இல்லை. 8ஆம் வகுப்பு வரை சேர்க்கக் கேட்டு வரும் பிள்ளையை அரசுப் பள்ளி திருப்பி அனுப்பக் கூடாது. திருப்பினால் வட்டாரக் கல்வி அலுவலரிடமோ மாவட்டக் கல்வி அலுவலரிடமோ எழுத்தில் கொடுங்கள். 14417 என்ற கல்வி உதவி எண்ணும் இருக்கிறது. எதுவும் அமையாவிட்டால், அந்த ஒரு வருடம் பிள்ளை தாத்தா பாட்டி வீட்டிலிருந்து பழைய அரசுப் பள்ளியிலேயே படிக்கட்டும்.

பள்ளி மாறும் ஒவ்வொரு முறையும், எந்த வகுப்பிலிருந்து எந்த வகுப்பு வரை அங்கே படித்தார், எந்தப் பயிற்றுமொழி என்று எழுதிய படிப்புச் சான்று ஒன்றை வாங்கிக் கோப்பில் வையுங்கள். 12 முடித்த பிறகு ஏழு வருடத்துக்கும் கணக்குக் காட்டச் சொல்லும்போது, இடம் மாறிய தலைமையாசிரியரையும் இணைக்கப்பட்டுவிட்ட பள்ளியையும் தேடி அலைய வேண்டியிருக்காது.

பயிற்றுமொழியைப் போகிற போக்கில் மாற்றுவது

"இந்தப் பள்ளியில தமிழ்வழி நிறைஞ்சிடுச்சு, ஆங்கிலவழியில போடறோம்" என்று சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள். தமிழ்நாடு அரசுப் பணிகளில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 20 விழுக்காடு முன்னுரிமை உண்டு. 2020இல் செய்த திருத்தத்தின்படி 1ஆம் வகுப்பு முதலே தமிழ்வழியில் படித்திருக்க வேண்டும். இடையில் ஒரு வருடம் மாறினாலும் அந்த முன்னுரிமை போய்விடும்.

25 விழுக்காட்டு இலவச இடம் கூடவே வரும் என்று நம்புவது

வராது. கல்வி உரிமைச் சட்டம் அதை எல்.கே.ஜி. அல்லது 1ஆம் வகுப்பு என்ற நுழைவு வகுப்பில்தான் ஒதுக்குகிறது. 3ஆம் வகுப்பில் வேறு தனியார் பள்ளிக்குப் போனால் முழுக் கட்டணம்.

கட்டண பாக்கிக்காக டி.சி. மறுத்தால் வெறுங்கையோடு திரும்புவது

டி.சி.யைப் பாக்கி வசூலிக்கும் கருவியாகப் பயன்படுத்தக் கூடாது, அதில் பாக்கி பற்றிக் குறிப்பு எழுதக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூலையில் சொல்லிவிட்டது. 8ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியிலும் உதவி பெறும் பள்ளியிலும் டி.சி. வரத் தாமதமாகிறது என்பதற்காகச் சேர்க்கையை நிறுத்தக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 5ஆவது பிரிவே சொல்கிறது. கோரிக்கையை எழுத்தில் கொடுத்து, நகலில் பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்குங்கள். மறுப்பு அதற்குப் பிறகு பெரும்பாலும் நீடிக்காது.

வெளிமாநிலத்திலிருந்து வருகிறவர்கள் தமிழை மறப்பது

பெங்களூருவில் கன்னடமும் இந்தியும் படித்த பிள்ளை, வீட்டில் தமிழ் பேசினாலும் எழுதத் தெரியாமல் 9ஆம் வகுப்புக்கு வருகிறது. இங்கே தமிழ் கட்டாயப் பாடம். விலக்குக் கேட்க வழி இருந்தாலும் அது தானாகக் கிடைக்காது, பள்ளி மூலம் விண்ணப்பிக்க வேண்டும். 9இல் சேர்ந்த உடனே இதைத் தொடங்குங்கள். 10ஆம் வகுப்பு அரையாண்டில் தொடங்கினால் பிள்ளைதான் பயப்படும். அந்த ஊர் டி.சி.யில் அங்குள்ள கல்வி அதிகாரியின் மேலொப்பத்தைக் கிளம்பும் முன்பே வாங்கிவிடுங்கள். இதற்கென்று இன்னொரு முறை பயணம் போகிற குடும்பங்கள் ஏராளம்.

10, 12 நடுவில் மாற்றுவது

வேண்டாம். சி.பி.எஸ்.இ. என்றால் மண்டல அலுவலகத்தின் அனுமதியும் வேண்டும். 11 முடித்து மாறுவதென்றால், பிள்ளையின் அதே குரூப், அதே நான்கு பாடங்களும் புதுப் பள்ளியில் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். கணினி அறிவியல் குரூப்பில் படித்த பிள்ளைக்கு 12இல் உயிரியல் குரூப் ஒத்துவராது.

ஏற்காட்டுக்கு ஏறுகிறவர்கள், இறங்குகிறவர்கள்

மலைக் கிராமத்துப் பள்ளி எந்த வகுப்போடு நிற்கிறது என்று கேட்காமல் குடிபோகாதீர்கள். 5 அல்லது 8 வரை மட்டும் இருக்கும் பள்ளி என்றால் அடுத்தது எங்கே, எந்த பஸ், மாலையில் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதெல்லாம் முன்பே தெரிய வேண்டும். "மேலே வீடு, கீழே சேலத்தில் பள்ளி" என்ற ஏற்பாடு வரைபடத்தில் ஏறக்குறைய 30 கிலோமீட்டர்தான். அதில் 20 கொண்டை ஊசி வளைவுகள். வடகிழக்குப் பருவமழையில் மண் சரிந்தால் பாதையையே மூடிவிடுவார்கள். சின்னப் பிள்ளைக்கு இது சரிவராது. பெரிய பிள்ளை என்றால் சேலத்து அரசு விடுதியோ, மலையிலேயே உள்ள பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியோ பாருங்கள்.

காபிப் பழம் பறிக்கும் பருவத்துக்காகச் சில மாதம் எஸ்டேட்டுக்குப் போகும் குடும்பங்கள் அதற்காகப் பெயரை வெட்டி டி.சி. வாங்க வேண்டாம். தலைமையாசிரியரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். அருகில் உள்ள அரசுப் பள்ளியில் பிள்ளை உட்கார வழி இருக்கிறதா என்று அவரையே விசாரிக்கச் சொல்லுங்கள். சொல்லாமல் போனால் நீண்ட நாள் வராத பிள்ளை, இடைநின்ற பிள்ளை என்று பதிவாகிவிடும்.

டி.சி.யைப் படிக்காமல் மடித்துப் பையில் வைப்பது

அலுவலக மேசைக்கு முன்னால் நின்றே படியுங்கள். பெயரும் இனிஷியலும் ஆதாரோடு பொருந்துகிறதா, பிறந்த தேதி எண்ணிலும் எழுத்திலும் ஒன்றா, இனம் சாதிச் சான்றிதழில் உள்ளபடியா, பயிற்றுமொழி சரியா, மேல் வகுப்புக்குத் தகுதி பெற்றார் என்று எழுதியிருக்கிறதா. இனிஷியல் ஒன்று மாறியிருந்தால் அன்றைக்கே பத்து நிமிடத்தில் திருத்தித் தருவார்கள். அது 10ஆம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் ஏறிவிட்டால் தேர்வுத் துறைக்கு விண்ணப்பம் எழுதி மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அசல் புதுப் பள்ளியிலேயே தங்கிவிடும் என்பதால், கொடுக்கும் முன் மூன்று நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.