சிவப்புக் கூறைப்புடவையில் போன மூன்று இரவுகள்

அக்கா மகள் திருமணத்தில் எடுத்த படம். மணப்பெண்ணின் முகம் அருமையாக வந்திருந்தது. சிவப்புக் கூறைப்புடவை மட்டும் மடிப்பே தெரியாமல், பெயின்ட் அடித்த மாதிரி தட்டையாக இருந்தது.

லைட்ரூம் என்ற படத்திருத்த மென்பொருளில் ஹைலைட்ஸை, அதாவது வெளிச்சமான பகுதிகளை, குறைத்தேன், சிவப்பின் சாச்சுரேஷனை (நிறத்தின் அடர்த்தியை) இறக்கினேன், புடவைக்கு மட்டும் மாஸ்க் போட்டு கான்ட்ராஸ்ட் ஏற்றினேன். மூன்று இரவுகள் போயின. மடிப்பு வரவில்லை, நிறம்தான் செங்கல் மாதிரி ஆனது.

என்னைக் குழப்பியது கேமராவின் ஹிஸ்டோகிராம், அதாவது படத்தின் இருட்டை இடப்பக்கமும் வெளிச்சத்தை வலப்பக்கமும் காட்டும் வரைபடம். வலது ஓரத்தில் போய் முட்டினால் வெளிச்சம் அளவு மீறி விவரம் போகிறது என்று அர்த்தம். எடுத்தபோது அது வலது ஓரத்தைத் தொடவே இல்லை. அப்புறம்தான் கவனித்தேன், அது காட்டியது மொத்த வெளிச்சத்தை. அந்தக் கணக்கில் பச்சைக்குத்தான் எடை அதிகம். சிவப்பு மட்டும் நிரம்பி வழிந்தால் அதில் தெரியாது. மண்டபத்தின் மஞ்சள் விளக்கு வேறு சிவப்பை இன்னும் ஏற்றியிருக்கிறது.

கடைசியில் ரா கோப்பில் (கேமரா சென்சார் பதிந்த மூலத் தரவில்) எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் மொத்த வெளிச்சத்தை, 2 ஸ்டாப் இறக்கிப் பார்த்தேன்; ஒரு ஸ்டாப் இறக்கினால் வெளிச்சம் பாதியாகும். தகவல் மிச்சம் இருந்தால் மடிப்பு எழும்பி வர வேண்டும். வந்தது அதே தட்டை, கொஞ்சம் இருட்டாக. சென்சாரிலேயே போய்விட்டது, மீட்க ஒன்றும் இல்லை. சரி என்று அந்தப் படத்தை அங்கேயே விட்டேன்.

அதே வரிசையில் அவள் தூண் நிழலுக்கு நகர்ந்தபோது எடுத்தது ஒன்று இருந்தது. முகம் இருட்டு என்று முதலிலேயே ஒதுக்கிய படம். பத்து நிமிடத்தில் தயார், ஜரிகைக் கரைவரை தெரிகிறது. பெரிய நிம்மதி. இப்போது கேமராவில் மூன்று நிறங்களையும் தனித்தனியாகக் காட்டும் ஹிஸ்டோகிராமைத்தான் வைத்திருக்கிறேன். சிவப்புப் பட்டு என்றால் 1 ஸ்டாப் குறைத்தே எடுக்கிறேன்.