நவம்பர் ஏரியில் மங்கிய படங்கள்

கனடாவில், ஒன்டாரியோ ஏரியின் ஃபிரெஞ்ச்மன்ஸ் விரிகுடாவில் கயாக் என்னும் சிறு துடுப்புப் படகில் அமர்ந்தபடி கோடையில் எடுத்த பெரிய நீல நாரையின் படங்களில் இறகு இறகாகத் தெரிந்தது. நவம்பரில் பஃபிள்ஹெட் வாத்துகள் வந்திறங்கியபோதோ, அதே லென்ஸில் எல்லாப் படங்களும் மங்கின. ஷட்டர் வேகத்தை 1/2500 நொடி வரை உயர்த்தியும், அதிர்வுத் தடுப்பை நிறுத்தியும், ஃபில்டரைக் கழற்றியும், ஆட்டோஃபோகஸைச் சரிபார்த்தும் நாள்கள் வீணானதுதான் மிச்சம்.

தொடர்ச்சியாக எடுத்த படங்களை அடுத்தடுத்து வைத்துப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான், அசையாமல் மிதந்த ஒரே வாத்தின் அலகு ஒவ்வொரு படத்திலும் சற்றே வேறு வடிவில் நெளிந்திருப்பது புலப்பட்டது. ஏறத்தாழ அதே தொலைவில் தலைக்கு மேல் பறந்த கடற்புறாவின் படமோ துல்லியமாக இருந்தது. கோடையின் வெப்பத்தை இன்னும் விடாத நீரும் அதன்மேல் படியும் குளிர்காற்றும் கலக்கும் அடுக்கில், சூடான தோசைக்கல்லுக்கு மேலே நடப்பதுபோல, ஒளி வளைந்து காட்சி நெளிகிறது. கயாக்கில் லென்ஸ் நீரிலிருந்து ஓரிரு அடி உயரத்திலேயே இருப்பதால், பார்வை முழுத் தொலைவும் அந்த அடுக்கின் ஊடாகவே செல்கிறது.

ஆகவே தொலைவிலிருந்து எடுப்பதை விட்டு, கோரைப்புல் ஓரத்தில் துடுப்பை மடியில் கிடத்திக் காத்திருந்து, வாத்துகள் தாமாகவே 15 மீட்டருக்குள் வந்தபின் எடுத்தேன். ஆண் வாத்தின் தலையிலுள்ள பச்சை, ஊதா மினுமினுப்பு வரை தெளிவாகப் பதிந்தது. காற்றும் நீரும் ஏறக்குறைய ஒரே வெப்பநிலைக்கு வரும் மேகமூட்டமான நண்பகல்களில் இன்னும் சற்றுத் தள்ளியிருந்தும் எடுக்க முடிகிறது.