லேசர், கீற்றணி, ஒரு தலைமுடி: விளிம்பு விளைவை வைத்து அளப்பது எப்படி?

குறுகிய திறப்பின் வழியே போகும் ஒளி நேராகப் போவதில்லை, விரிகிறது. திறப்பு எவ்வளவு குறுகலோ அவ்வளவு அகலமாக விரியும். விளிம்பு விளைவு எனப்படும் இந்த விரிவின் தலைகீழ்க் கணக்குதான் அதை அருமையான அளவுகருவி ஆக்குகிறது. 70 மைக்ரோமீட்டர் தடிமனுள்ள தலைமுடியின் மேல் சிவப்பு லேசர் பட்டால், 2 மீட்டர் தள்ளியிருக்கும் சுவரில் ஏறக்குறைய 19 மி.மீ. இடைவெளியில் கரும்பட்டைகள் விழும். அதை அளக்கப் பள்ளிக்கூட ஸ்கேல் போதும்.

வேலைக்கு ஒரு வரிசை உண்டு. முதலில், கோடுகளின் எண்ணிக்கை தெரிந்த கீற்றணியால் (சம இடைவெளியில் நெருக்கமாகக் கோடுகள் அமைந்த பிலிம்) லேசரின் அலைநீளத்தை அளக்க வேண்டும். பிறகு அந்த அலைநீளத்தை வைத்துக் குறுந்தகடு, முடி, பிளவு எல்லாவற்றையும் அளக்கலாம். லேசர் சுட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் 650 என்ற எண்ணை நம்பித் தொடங்காதீர்கள். கடையில் கிடைக்கும் சிவப்புச் சுட்டிகள் 630 முதல் 680 நானோமீட்டர் வரை எங்கும் இருக்கலாம். அந்தப் பிழை அடுத்து வரும் எல்லா அளவுகளிலும் தொற்றிக்கொள்ளும்.

வாங்க வேண்டியவையும் கண் பாதுகாப்பும்

லேசர் சுட்டி 1 மில்லிவாட்டுக்குள் இருக்கட்டும், சிவப்பாகவே இருக்கட்டும். பச்சைச் சுட்டியின் 532 நானோமீட்டர் ஒளி, 1064 நானோமீட்டர் அகச்சிவப்புக் கதிரின் அதிர்வெண்ணை இரட்டிப்பாக்கிப் பெறுவது. மலிவான சுட்டிகளில் வடிகட்டி இல்லாமல் அகச்சிவப்பும் சேர்ந்தே வெளியே வரும். கீற்றணி அதை வேறொரு கோணத்துக்குத் திருப்பிவிடும், அது எங்கே போகிறது என்று கண்ணுக்குத் தெரியாது. கண்ணில் பட்ட பிறகும் தெரியாது.

கற்றை இடுப்பு உயரத்தில் ஓடட்டும். கைக்கடிகாரம், வளையல், மோதிரம் ஆகியவற்றைக் கழற்றி வையுங்கள். கற்றையின் மட்டத்துக்குக் குனிந்து ஒருபோதும் பார்க்கக் கூடாது. குறுந்தகடு கண்ணாடிபோல ஒளியைத் திருப்பி அடிக்கும் என்பதால் அந்தக் கட்டத்தில் இரட்டிப்புக் கவனம் தேவை.

கீற்றணியில் மி.மீ.க்கு 500 கோடுகள் உள்ள நகல் பிலிமை வாங்குங்கள், சட்டத்தில் பொருத்தியதாகப் பார்த்து. 100 கோடுகள் உள்ளதில் புள்ளிகள் நெருங்கி விழும். ஸ்கேலின் 1 மி.மீ. பிழை பெரிதாகத் தெரியும். 1000 கோடுகள் உள்ளதில் சிவப்புக்கு முதல் வரிசை, அதாவது நடுப்புள்ளிக்கு இருபுறமும் விழும் முதல் ஜோடிப் புள்ளிகள், மட்டுமே கிடைக்கும், அதுவும் 40 டிகிரிக்கு மேல் போய்விடும். பிலிமை விரலால் தொடாதீர்கள். ரேகை பட்டால் கோடுகளின் பள்ளங்களில் எண்ணெய் நிரம்பும். துடைத்தால் பள்ளமே தேயும். தூசி இருந்தால் காற்றை ஊதிப் போக்கினால் போதும்.

இவற்றுடன் அளவு நாடா, வெள்ளைச் சார்ட், களிமண், துணி உலர்த்தும் கிளிப், பழைய குறுந்தகடும் டிவிடியும், இரண்டு சவர பிளேடு, அலுமினியத் தாள், மெல்லிய ஊசி ஆகியவை வேண்டும்.

லேசரின் அலைநீளம்

சுட்டியைக் களிமண்ணில் அழுத்திப் பதித்து, பொத்தானைக் கிளிப்பால் பிடிக்க வைக்கவும். சுவரில் சார்ட்டை ஒட்டி, கற்றை அதில் செங்குத்தாக விழும்படி திருப்புங்கள். கீற்றணியைச் சுவரிலிருந்து சரியாக 100 செ.மீ. தள்ளி நிறுத்துங்கள். இந்தத் தூரம் பிலிமிலிருந்து சுவர் வரை. லேசரின் வாயிலிருந்து அளப்பது அடிக்கடி நடக்கும் தவறு. லேசர் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பது கணக்கில் வருவதே இல்லை.

நடுவில் ஒரு பிரகாசமான புள்ளியும், இருபுறமும் முதல் வரிசைப் புள்ளிகளும், இன்னும் தள்ளி இரண்டாம் வரிசைப் புள்ளிகளும் விழும். அவை சாய்ந்த கோட்டில் விழுந்தால், கிடைமட்டமாகும் வரை கீற்றணியை அதன் சட்டத்தோடு சுழற்றுங்கள். இப்போது இடது முதல் வரிசையிலிருந்து வலது முதல் வரிசை வரை அளந்து பாதியாக்குங்கள். நடுப்புள்ளி பிரகாசத்தில் வீங்கித் தெரிவதால் அதன் மையத்தைத் துல்லியமாகக் குறிக்க முடியாது. ஓரத்துப் புள்ளிகளிடையே அளந்தால் அந்தத் தொல்லை இல்லை.

சூத்திரம் இதுதான்: கோடுகளின் இடைவெளி × சைன் கோணம் = வரிசை எண் × அலைநீளம். 500 கோடுகள் என்றால் இடைவெளி 2 மைக்ரோமீட்டர், அதாவது 2000 நானோமீட்டர்.

பெரும்பாலோர் சறுக்கும் இடம் அந்தச் சைன்தான். பக்கவாட்டுத் தூரத்தைச் சுவர்த் தூரத்தால் வகுத்தால் கிடைப்பது டேன்ஜென்ட். யங் இரட்டைப் பிளவுச் சோதனையில் கோணம் மிகச் சிறியது என்பதால் இரண்டும் ஒன்றே என்று எடுத்துக்கொண்ட பழக்கம் இங்கேயும் வந்துவிடுகிறது. 650 நானோமீட்டர் லேசருக்கு முதல் வரிசை 34.4 செ.மீ.யில் விழும். 34.4-ஐ 100-ஆல் வகுத்து 2000-ஆல் பெருக்கினால் 688 நானோமீட்டர் என்று வரும், கிட்டத்தட்ட 6 சதவீதப் பிழை. இரண்டாம் வரிசை 85.5 செ.மீ.யில் விழும், அதே வழியில் கணக்கிட்டால் 855 நானோமீட்டர். அது கண்ணுக்கே தெரியாத அகச்சிவப்பு! முதல் வரிசையும் இரண்டாம் வரிசையும் வேறு வேறு அலைநீளத்தைச் சொன்னால், சைனுக்குப் பதில் டேன்ஜென்ட் போட்டிருக்கிறோமா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும்.

கால்குலேட்டர் இல்லாமலும் சைனைப் பெறலாம். கீற்றணியிலிருந்து முதல் வரிசைப் புள்ளி வரை சாய்வாக அளவு நாடாவை இழுத்துப் பிடியுங்கள், 105.7 செ.மீ. வரும். 34.4 ÷ 105.7 = 0.325. இதை 2000-ஆல் பெருக்கினால் 650 நானோமீட்டர். நாங்கள் பரிந்துரைப்பது இந்தச் சாய்வு நீள வழியைத்தான்.

இடதும் வலதும் ஒரே தூரத்தில் இல்லாவிட்டால் கீற்றணியோ சுவரோ கற்றைக்குச் செங்குத்தாக இல்லை. கீற்றணி 5 டிகிரி சாய்ந்தால் ஒருபுறம் 35.1 செ.மீ., மறுபுறம் 34.0 செ.மீ. என்று வரும். இரண்டின் சராசரியை எடுத்தால் பிழை அரை சதவீதத்துக்குள் அடங்கிவிடுகிறது. ஒரு பக்கத்தை மட்டும் அளந்தவருக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. பிளஸ் டூ செய்முறையில் நிறமாலைமானியில் இடம், வலம் இரண்டு பக்கமும் அளவு எடுக்கச் சொல்வதிலும் இந்த நன்மை இருக்கிறது.

குறுந்தகடும் டிவிடியும்

இப்போது அலைநீளம் கையில் இருக்கிறது. குறுந்தகட்டின் சுழல்தடங்களுக்கு இடையிலான தூரத்தை அளக்கலாம். சார்ட்டின் நடுவே 5 மி.மீ. துளையிட்டு, லேசரை அதன் வழியே அனுப்புங்கள். 30 செ.மீ. தள்ளித் தகட்டின் பளபளப்பான பக்கம் சார்ட்டைப் பார்க்க நிற்கட்டும். திரும்பி வரும் நடுப்புள்ளி துளைக்குள்ளேயே விழும்வரை தகட்டைத் திருப்பினால், கற்றை செங்குத்தாக விழுகிறது என்று பொருள். கற்றை தகட்டு மையத்துக்கு நேர் வலப்புறமோ இடப்புறமோ, வெளி விளிம்புக்கு அருகில் பட வேண்டும். அங்கே தடங்களின் வளைவு குறைவு, புள்ளிகளும் கிடைமட்டமாக விழும்.

இடைவெளி = வரிசை எண் × அலைநீளம் × சாய்வு நீளம் ÷ பக்கவாட்டுத் தூரம். 1.6 மைக்ரோமீட்டர் தடத்துக்கு முதல் வரிசை 13.3 செ.மீ.யிலும், இரண்டாம் வரிசை 41.8 செ.மீ.யிலும் வரும். 700 எம்பி பதிவுத் தகட்டில் 1.5-க்கு அருகில் கிடைத்தால் உங்கள் அளவு தவறவில்லை. கூடுதல் நேரத்தை அடக்க அதில் தடங்களை நெருக்கியிருக்கிறார்கள். பதிவு செய்யாத வெற்றுத் தகட்டிலும் வழிகாட்டிப் பள்ளம் முன்பே வார்க்கப்பட்டிருக்கும், எனவே புள்ளிகள் விழும். சொல்லப்போனால் அதில்தான் புள்ளிகள் தெளிவாக இருக்கும்.

டிவிடியின் தடம் 0.74 மைக்ரோமீட்டர். சிவப்பு லேசருக்கு முதல் வரிசையே 61 டிகிரியில் போகும். சார்ட்டை 20 செ.மீ. தூரத்துக்குக் கொண்டுவந்தால் 37 செ.மீ. தள்ளி விழும். இரண்டாம் வரிசை கிடையாது, ஏனெனில் சைன் 1-ஐத் தாண்ட முடியாது. புளூ-ரே தகட்டில் தடம் 0.32 மைக்ரோமீட்டர், அலைநீளத்தில் பாதிதான். செங்குத்தாகச் சிவப்பு லேசர் அடித்தால் நடுப்புள்ளி மட்டுமே திரும்பும். இதைப் பார்த்துச் சோதனை கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம்.

தலைமுடி

முடியும் ஒரு பிளவும் ஒரே அகலமாக இருந்தால், நேர்க்கற்றை விழும் நடுப்பகுதியைத் தவிர மற்ற இடங்களில் இரண்டும் ஒரே கோலத்தைத்தான் தரும். பிரெஞ்சு இயற்பியலாளர் பாபினேயின் தத்துவம் இது. பார்க்கப்போனால் முதல் கீற்றணியே மயிரிழைகளால் ஆனது: 1785-இல் பிலடெல்பியாவில் டேவிட் ரிட்டன்ஹவுஸ் நுண்திருகுகளின் புரிகளில் முடிகளை வரிசையாகக் கட்டி அதைச் செய்தார்.

அட்டையில் 1 செ.மீ. துளையிட்டு முடியை நிமிர்ந்த நிலையில் இழுத்து ஒட்டுங்கள். லேசர் முடியின் மேல் சரியாகப் பட்டதும் சுவரில் கிடைமட்டமாகப் பட்டைகள் விரியும். அறை நன்றாக இருட்டாக இருக்க வேண்டும். பிளவின் கோலத்தில்கூட நடுப்பட்டைக்கு அடுத்த பிரகாசப் பட்டையின் ஒளி மையத்தின் 4.7 சதவீதம்தான், அடுத்தது 1.6 சதவீதம்.

பிரகாசமான பட்டைகளை விட்டுவிட்டுக் கரும்பட்டைகளின் நடுவைப் பென்சிலால் குறியுங்கள். இடது மூன்றாம் கரும்பட்டையிலிருந்து வலது மூன்றாவது வரை அளந்து பாதியாக்குங்கள். 2 மீட்டர் தூரத்தில் மொத்தம் 111 மி.மீ. என்றால் பாதி 55.5 மி.மீ. தடிமன் = 3 × அலைநீளம் × தூரம் ÷ பாதித் தூரம், அதாவது சுமார் 70 மைக்ரோமீட்டர். இங்கே கோணம் 2 டிகிரிக்கும் குறைவு, டேன்ஜென்ட்டைத் தாராளமாகப் போடலாம்.

முடியின் இருபுறமும் தப்பிப் போகும் நேர்க்கற்றையின் வெளிச்சத்தில் முதல் கரும்பட்டை மறைந்துபோவதுண்டு. அப்போது இரண்டாவதை முதலாவது என்று எண்ணிவிடுவோம், மூன்றாவது என்று அளப்பது உண்மையில் நான்காவதாக இருக்கும், விடை கால் பங்கு குறைந்துவிடும். சரிபார்ப்பது எளிது: அடுத்தடுத்த கரும்பட்டைகளின் இடைவெளி சமமாக இருக்கும், நடுவிலுள்ள இரண்டு முதல் கரும்பட்டைகளுக்கு இடையே மட்டும் அதைப்போல் இரு மடங்கு இருக்கும். அது இரு மடங்கைத் தாண்டினால் ஒரு பட்டையை விட்டுவிட்டீர்கள்.

ஒரே முடியைத் திருப்பி ஒட்டினால் வேறு எண் வருவது இயல்பு, முடியின் குறுக்குவெட்டு பெரும்பாலும் நீள்வட்டம். முறையையே சோதிக்க மின்கம்பியை நாடுங்கள். 14/0.3 என்று குறிப்பிடப்படும் வயரில் ஒவ்வொரு செம்பு இழையும் 0.3 மி.மீ.; 3 மீட்டர் தூரத்தில் கரும்பட்டைகள் 6.5 மி.மீ. இடைவெளியில் வரும். திருகு அளவியால் அதே இழையை அளந்து ஒப்பிடலாம்.

பிளவும் ஊசித்துளையும்

இரண்டு பிளேடுகளின் கூர்முனைகளை அட்டையில் எதிரெதிரே ஒட்டுங்கள், கீழ் முனை தொட்டுக்கொண்டும் மேல் முனை அரை மி.மீ. விலகியும். லேசரை மேலிருந்து கீழே நகர்த்தினால், பிளவு குறுகக் குறுகக் கோலம் விரிவதை நேரிலேயே காணலாம். மேல் பகுதியில் பட்டைகள் மங்கிக் குழம்பித் தெரிவதற்குத் தூரம் போதாததே காரணம். பிளவு அகலத்தின் இருமடியை அலைநீளத்தால் வகுத்து வரும் தூரத்தைப்போல் சில மடங்கு தள்ளித் திரை இருக்க வேண்டும். 0.1 மி.மீ. பிளவுக்கு அது 15 மி.மீ.தான், அரை மி.மீ.க்கோ 38 செ.மீ. ஆகிவிடும்.

ஊசித்துளைக்கு அலுமினியத் தாளைக் கண்ணாடியின் மேல் விரித்து, ஊசி நுனியை வைத்து மெல்லச் சுழற்றுங்கள். ஊசியை உள்ளே தள்ளினால் விளிம்பு கிழிந்து வளையங்கள் கோணும். வட்டத் துளைக்கு 1.22 என்ற பெருக்கெண் வரும், 1835-இல் ஜார்ஜ் ஏரி கணக்கிட்டது: துளையின் விட்டம் = 2.44 × அலைநீளம் × தூரம் ÷ முதல் கருவளையத்தின் விட்டம். 0.3 மி.மீ. துளைக்கு 3 மீட்டரில் அந்த வளையம் 16 மி.மீ. அகலம். வளையம் ஒரு பக்கம் நீண்டிருந்தால் துளை அந்தத் திசையில் குறுகல். 2400 டிபிஐ ஸ்கேனரில் தாளை வைத்து எடுத்துப் பாருங்கள். ஒரு புள்ளி 10.6 மைக்ரோமீட்டர், துளையின் இரண்டு அச்சுகளையும் தனித்தனியே எண்ணிவிடலாம்.